வால்ட்டர் ஸ்மோலெனுக்கு நான் மகன் இல்லை என்பது பற்றி

கிளீவ்லேண்ட்
24 மார்ச் 2010, புதன்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெர்னடீன் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகன் லியோன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் நலம், குறிப்பாக இடது முழங்காலின் நலம், அறிய ஆவல். ஈரியில் பனி நின்றுவிட்டதா? இங்கே நின்றுவிட்டது போல் தெரிகிறது. ஆனால் மார்ச் மாதத்தை நம்பி நான் எதையும் எழுத்தில் கொடுப்பதில்லை.

உங்கள் அஞ்சலட்டை போன வாரம் வந்தது. "மூன்றாவது மாடியிலிருந்து இறங்க எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. இந்த வீட்டைக் காலி செய்வதாக ஏப்ரல் ஒன்றுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உன்னோடு வந்து இருக்கலாமா, கூடாதா? ஒரு சொல்லில் எழுது."

ஒரு சொல்லில் எழுதத்தான் உட்கார்ந்தேன். 'வாருங்கள்' என்று எழுதினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அடித்துவிட்டு 'வர வேண்டாம்' என்று எழுதினேன். அது இரண்டு சொல். கிழித்துப் போட்டேன்.

ஜனவரியில் வாருங்கள் என்றும் பிப்ரவரியில் வர வேண்டாம் என்றும் நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டுமே எழுதிய அன்று உண்மை. இடையில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்காதது உங்கள் பெருந்தன்மை. ஆனாலும் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே புரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பத்திக்கு ஒரு கருத்து என்பது முதல் பாடம். இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் படக் கூடாது.

வீடு உங்களுக்குத் தெரியும், புகைப்படம் அனுப்பியிருந்தேன். கீழே நான். மேலே உரிமையாளர் வால்ட்டர் ஸ்மோலென். எழுபத்தொரு வயது. மனைவி டோரிஸ் இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. 2008 செப்டம்பரில் நான் குடிவந்தபோது மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். வருடா வருடம் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பிடிக்காது. அதற்கு முன்பே, கூரை மாற்றுவதற்காக, வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருந்தார். அப்போது சிறிதாக இருந்த தவணை மூன்றாம் வருடம் பெரிதாகிவிட்டது. அது தாளில் சிறிய எழுத்தில் முதலிலிருந்தே இருந்ததாம். கூரை மட்டும் மிக நன்றாக இருக்கிறது.

போன ஜூனில் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வீட்டின் மேல் வங்கி வழக்குப் போட்டிருந்தது. எதிராளிகள் மூன்று பேர். ஒன்று, வால்ட்டர் ஸ்மோலென். இரண்டு, வால்ட்டர் ஸ்மோலெனின் பெயர் தெரியாத மனைவி, இருந்தால். மூன்று, பெயர் தெரியாத குடியிருப்பாளர்.

மூன்றாவது ஆள் நான். அந்தச் சொற்றொடரோடு மூன்று நாள் இருந்தேன். இருபத்தொன்பது வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை என்று தோன்றியது.

வால்ட்டருக்கு இரண்டாவது ஆள்தான் உறுத்தல்.

"லியோன், எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்காளாம். யாருன்னு அவங்களுக்கும் தெரியலை."

"'இருந்தால்'னு போட்டிருக்கே."

"அதான் நானும் பார்த்தேன். டோரிஸ் இருந்திருந்தா இந்தத் தாளைக் கதவுல ஒட்ட விட்டிருப்பாளா."

ஏலத்துக்கு முன்னால் தானே வீட்டை விற்றுவிட்டால் கௌரவமாகப் போய்விடலாம் என்று வால்ட்டர் நினைத்தார். தரகரிடம் போகவில்லை. இந்தத் தெருவில் வீடு விற்க வேண்டும் என்றால் முதலில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரிடம்தான் போவார்கள். ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் சொரூபம், மாதா கோவில் கடையில் கிடைக்கும். அதைத் தோட்டத்தில் தலைகீழாகப் புதைத்துவிட்டு ஜெபம் சொல்ல வேண்டும். தலைகீழாக இருக்கப் பிடிக்காமல் அவர் சீக்கிரம் விற்றுக் கொடுப்பார் என்று ஐதீகம். விற்றதும் தோண்டி எடுத்து, கழுவி, புது வீட்டுக்குக் கொண்டுபோய் மரியாதையாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் புது வீடு நிலைக்காது. வால்ட்டர் ஜூலையில் புதைத்தார். நவம்பரில் வீடு ஏலத்துக்குப் போனது. கடன் கொடுத்த வங்கியே அதை எடுத்துக்கொண்டது.

நான் ஆறுதல் சொல்லப் படியேறினேன். வால்ட்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்துக் குடுன்னுதான் கேட்டேன். வித்துட்டார். யாரு விக்கணும்னு நான் சொல்லலை. தப்பு என்மேலதான்."

எதிர்வீட்டுத் திருமதி ஓபல்கா, கோவிலின் தவக்கால மீன் விருந்தில் பரிமாறுகிறவர், இதில் வேறு கருத்துள்ளவர். அன்றைக்கே வந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் பார்த்து வெச்சே?"

"ரோட்டைப் பார்த்து."

"அதான் பாரு. வீட்டைப் பார்த்துல்ல வெக்கணும்."

"ரோட்டைப் பார்த்து வைன்னு நீதானே சொன்னே."

"அது ஜூலையில. ஜூலையில வீடு விக்கிற சந்தை வேற மாதிரி."

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. உங்களுடைய கேள்வியும் அதுதான். உரிமையாளரின் வீடு போய்விட்டால் வாடகைக்கு இருப்பவன் என்ன ஆவான்? அவன் தன் அத்தைக்கு ஓர் அறை தர முடியுமா? தெருவில் விசாரித்தேன். வங்கி எடுத்தால் மறுநாளே பூட்டை மாற்றிவிடுவார்கள் என்றார் ஒருவர். ஒரு வருடம் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், நிம்மதியாக இரு என்றார் இன்னொருவர். திருமதி ஓபல்கா, வாடகையை யாருக்கும் கொடுக்காதே என்றார். பிறகு, எல்லாருக்கும் கொடுத்துவிடு என்றார். வங்கிக்குத் தொலைபேசினேன். அந்தக் கடனை இன்னொரு வங்கிக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அந்த வங்கி, நாங்கள் பார்த்துக்கொள்கிறவர்கள்தான், சொந்தக்காரர்கள் இல்லை என்றது. சொந்தக்காரர் யார் என்றேன். ஓர் இசை ஒலித்தது. நாற்பது நிமிடம் கேட்டேன். சொந்தம் என்ற சொல்லைப் பற்றி அந்த நாற்பது நிமிடத்தில் யோசித்ததை எல்லாம் இங்கே எழுதவில்லை.

ஜனவரியில், கோவிலின் அடித்தளத்தில் வாரம் ஒருமுறை வந்து உட்காரும் இலவச வழக்கறிஞர் யோலாண்டா பெட்வேயிடம் போனேன். ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

"வீடு ஏலத்துல போயிடுச்சே."

"வீடு போச்சு. ஒப்பந்தம் போகலை. போன மே மாசம் சட்டம் வந்திருக்கு. வாங்கினவங்க உங்க ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்காங்க. 2011 ஆகஸ்ட் வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா இருங்க."

"உரிமையாளர்?"

"அவர் போயித்தான் ஆகணும்."

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். வாடகைக்கு இருப்பவன் இருக்கலாம். வீட்டுக்காரர் போக வேண்டும். சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. எனக்குத்தான் தெளிவாகக் கேட்கவில்லை.

"ஒண்ணு மட்டும். இது நிஜ ஒப்பந்தமா இருக்கணும். வீட்டுக்காரர் தன் ஆளைக் காப்பாத்தறதுக்காக எழுதினதா இருக்கக் கூடாது. வாடகை ஊர் வாடகையா இருக்கணும். நீங்க அவருக்கு மனைவியாவோ பிள்ளையாவோ பெற்றோராவோ இருக்கக் கூடாது."

"இல்லை."

"நல்லது. சிநேகமா?"

யோசித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "யோசிக்காதீங்க. வங்கிக்காரன் வந்தா அந்நிய ஆளுங்க மாதிரி இருங்க. அவ்வளவுதான்."

அன்று மாலைதான் உங்களுக்கு 'வாருங்கள்' என்று எழுதினேன். எழுதிவிட்டு மேலே போய் வால்ட்டரிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று படியில் நின்று நான்கு வாக்கியம் தயாரித்தேன். மேலே போனதும், "நான் இருக்கலாமாம், நீங்க போகணுமாம்" என்று மட்டும் வந்தது.

வால்ட்டர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு, "அப்ப ஒண்ணு பண்ணலாம். நான் உன்கிட்ட வாடகைக்கு வரேன். அந்தப் பின்னறை சும்மாத்தானே கிடக்கு" என்றார்.

அந்தப் பின்னறை, அத்தை, உங்களுக்கு என்று நான் வைத்திருப்பது. தரைமட்டம், தோட்டத்துப் பக்க ஜன்னல்.

"அத்தை வராங்க," என்றேன்.

"எந்த ரூம்ல?"

"அதுலதான்."

"ஓ," என்றார். "முழங்கால் ஆபரேஷன் ஆனவங்கதானே. அவங்களுக்குக் கீழதான் சரி." அதற்குப் பிறகு அந்த அறையைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுப்பதற்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

அந்நியர்களாக இருக்கப் பழகினோம். அவர் என்னை மிஸ்டர் டுடெக் என்று கூப்பிட்டார். நான் அவரை எதிரில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினேன். ஆனாலும் ஞாயிறு காலை மேலிருந்து அப்பம் தட்டில் மூடி வந்தது. கொண்டுவந்து வைத்துவிட்டு, "மிஸ்டர் டுடெக், தட்டு திரும்ப வேணும்" என்று கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி முதல் வாரம் வங்கியின் ஆள் வந்தான். கிரெய்க் என்று பெயர். பனிக்கு ஏற்காத காலணி, கையில் கேமரா, ஒரு படிவம். அந்த நேரம் பார்த்து வால்ட்டர் தோட்டத்தில் கடப்பாரையோடு நின்றிருந்தார். வீடுதான் விற்றாயிற்றே, சூசையப்பரைத் தோண்டி எடுக்காமல் தான் எங்கும் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். புதைத்த இடம் மறந்துவிட்டது. நிலம் இறுகிக் கிடந்தது. ஆறு குழி தோண்டியிருந்தார். நான் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

கிரெய்க் குழிகளைப் படம் எடுத்தான். "சார், வங்கிச் சொத்தை ஏன் தோண்டறீங்க?"

"ஆளைத் தேடறேன்."

கிரெய்க் ஓரடி பின்னால் போனான். "யாரை?"

"சூசையப்பரை."

நான் விளக்கினேன். கிரெய்க் எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று தெரியவில்லை. பிறகு என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்றான்.

வால்ட்டர் நிமிர்ந்தார். ஒத்திகை பார்த்தது அத்தனையும் நினைவில் இருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. "இவர் எனக்கு யாரும் இல்லை. கீழ வாடகைக்கு இருக்கார். பேர்கூடத் தெரியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். கோப்பையை நீட்டி, "லியோன், இதுல சர்க்கரை போட்டியா இல்லியா?" என்றார்.

"பேர் தெரியாதுன்னீங்க."

"தெரியாதுதான்."

"காப்பி போட்டுத் தர்றார்."

இந்த இடத்தில் வால்ட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "காப்பி என்ன காப்பி. போன குளிர்ல எனக்கு நிமோனியா. பதினோரு நாள் சூப் வெச்சுக் கொண்டுவந்தான். சூப் நல்லா இருக்காது, அது வேற. ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா உக்காந்திருந்தான். எந்தப் பிள்ளை செய்வான் இந்தக் காலத்துல?"

"மகனா?"

"மகனுக்கும் மேல."

கிரெய்க் படிவத்தைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். உரிமையாளர், மனைவி, பிள்ளை, பெற்றோர், வாடகைக்காரர் என்று ஐந்து கட்டம். மகனுக்கும் மேல் என்பதற்குக் கட்டம் இல்லை. அருகில் இருந்ததில் ஒரு குறி போட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காலணி நனைந்துவிட்டதால் அவன் அதற்குள் காருக்குப் போய்விட்டான்.

பத்து நாளில் வங்கியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. 'லியோன் ஸ்மோலென் அவர்களுக்கு.' முன்னாள் உரிமையாளரின் பிள்ளை என்ற முறையில் என் ஒப்பந்தம் செல்லாது. மூன்று நாளில் காலி செய்யாவிட்டால் வழக்கு. அன்றுதான் உங்களுக்கு 'வர வேண்டாம்' என்று எழுதினேன். ஜூனில் எனக்குப் பெயரே இல்லை. பிப்ரவரியில் வேறு ஒருவருடைய பெயர் கிடைத்தது.

வழக்கு வந்தது. நான் வால்ட்டரின் மகன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அத்தை, ஒருவர் இன்னாருக்கு மகன் என்று நிரூபிக்கத் தாள் இருக்கிறது. மகன் இல்லை என்பதற்கு எந்த அலுவலகத்திலும் தாள் கொடுப்பதில்லை. நான் போய்க் கேட்டேன். கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தரச் சொன்னேன். அதையும் தரவில்லை. வங்கியோடு வழக்கு என்று சொல்லிக் கேட்டதும் என் பிறப்புச் சான்றிதழை அனுப்பிவைத்தீர்கள், நன்றி. அதில் அப்பா பெயர் ரேமண்ட் டுடெக் என்று தெளிவாக இருந்தது. தத்து எடுத்திருக்கலாமே என்று வங்கியின் வக்கீல் கேட்டார். நேற்று, செவ்வாய்க்கிழமை, வீட்டு வழக்கு மன்றத்தில்.

எங்கள் பக்கத்து முதல் சாட்சி திருமதி ஓபல்கா. பெட்வே அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "லியோன் டுடெக், வால்ட்டர் ஸ்மோலெனோட மகனா?"

"இல்லை."

"நன்றி, அவ்வளவுதான்."

"ஆனா மகன் மாதிரிதான்."

"போதும் மேடம்."

"எனக்கு ரெண்டு இருக்கானுங்க. ஃபீனிக்ஸ்ல ஒருத்தன். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான். இந்தப் பையன் அவருக்கு நகம் வெட்டிவிட்டிருக்கான், நான் கண்ணால பார்த்தேன்."

நீதிபதி குறித்துக்கொண்டார். பெட்வே மேசையைப் பார்த்தபடி நின்றார். நான் நகம் வெட்டிய நாளை நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவ்வளவு முக்கியமான செயலாக அப்போது தோன்றவில்லை.

பிறகு வால்ட்டர். டோரிஸை அடக்கம் செய்தபோது வாங்கிய கோட்டைப் போட்டிருந்தார். சத்தியம் செய்தார். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, களைத்த முகம், மென்மையான குரல்.

"இவர் உங்க மகனா?"

"இல்லை."

"தத்து எடுத்தீங்களா?"

"இல்லை."

"மகன் மாதிரி நினைக்கிறீங்களா?"

வால்ட்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உங்கள் அறை, அத்தை, அந்த ஒரு நொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றார். அதோடு நிற்கவில்லை. "படியில புஸ்தகத்தை விட்டுட்டுப் போவான். ரெண்டு தடவை விழப் பார்த்தேன். ஒரு நாள்கூட புல்லு வெட்டினதில்லை. நான் பேசினா தலையை ஆட்டுவான். ஆனா கேக்க மாட்டான். வேற எதையோ யோசிச்சுக்கிட்டிருப்பான். அரை மணி நேரம் பேசிட்டு, என்ன சொன்னேன்னு கேட்டா, முழிப்பான்."

"மிஸ்டர் ஸ்மோலென்," என்றார் நீதிபதி. "எனக்கு மூணு பசங்க. நீங்க சொல்றது மகன் இல்லைங்கறதுக்கு ஆதாரம் ஆகாது."

அறையில் சிரித்தார்கள். வால்ட்டர் சிரிக்கவில்லை. காப்பி டப்பா ஒன்றை மேசைமேல் வைத்தார். அதில் ரசீதுகள். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்தும், ஒவ்வொரு மாதமும், தேதி போட்டு, பெயர் முழுதாக எழுதி, இரண்டு கையெழுத்தோடு. டோரிஸ் ஏற்படுத்திய பழக்கமாம். ஒப்பந்தத்தில் இருந்தபடி 2009 ஜனவரியில் அவர் வாடகையை உயர்த்தியதும் அதில் இருந்தது. அப்போது அந்த உயர்வு எனக்கு மனதில் ஒரு முள். நான் சூப் கொண்டுபோன அதே வாரம்தான் அந்தத் தாளைக் கொடுத்தார். படுத்தபடியே கொடுத்தார்.

பெட்வே அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "நிமோனியாவுல படுத்திருக்கும்போது, தனக்கு சூப் ஊட்டறவனுக்கு வாடகை ஏத்தியிருக்கார். எந்த அப்பாவும் இதைச் செய்ய மாட்டார்."

நீதிபதி அதை வாங்கிப் பார்த்தார். இது வாடகைதான், உறவு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். என் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31 வரை செல்லும். வங்கி அதற்குக் கட்டுப்பட வேண்டும். வால்ட்டர் ஸ்மோலென் சனிக்கிழமைக்குள் மேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தீர்ப்புக்கு ஆனது நான்கு நிமிடம்.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

"அங்க சொன்னது சட்டத்துக்காகச் சொன்னது," என்றார்.

"தெரியும்."

"புல்லு விஷயம் மட்டும் நிஜம்."

"தெரியும்."

"கேக்க மாட்டேங்கறதும்."

நான் தலையாட்டினேன்.

வால்ட்டர் பக்கத்து ஊர் பார்மாவில் தங்கை ஐரீன் வீட்டுக்குப் போகிறார். தங்கைக்கு மூன்று பூனை. வால்ட்டருக்குப் பூனை ஆகாது. சட்டம் எனக்கு ஒரு வீட்டைக் கொடுத்திருக்கிறது. அதில் அவருக்கு இடம் இல்லை என்று சட்டம் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். இன்று காலை பின்னறையைத் துடைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் ஒன்பதாவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார். திரையை இழுத்துவிட்டுத் துடைத்தேன்.

ஆகவே பதில் இதுதான். பல சொல் சொல்லிவிட்டேன், இனி ஒரு சொல். வாருங்கள்.

வாசலில் ஒரே ஒரு படி. கைப்பிடி வைத்திருக்கிறேன். கட்டில் இருக்கிறது, மெத்தை மட்டும் கொண்டுவாருங்கள். ஏப்ரல் ஒன்றுக்குள் அங்கே தைரியமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். இனி இந்த வீட்டிலிருந்து நம்மை யாரும், எந்த வங்கியும், அடுத்த வருடம் ஆகஸ்ட் முடியும்வரை அசைக்க முடியாது. நீதிமன்ற முத்திரை போட்ட தாள் மேசை டிராயரில் இருக்கிறது. நேற்றிலிருந்து ஐந்து முறை எடுத்துப் பார்த்தேன்.

ஈரியில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். முழங்காலுக்கு என் தனிப்பட்ட அன்பு. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், படிகள் குறைந்த வாழ்வும் தருவாராக.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
லியோன் ரேமண்ட் டுடெக்
(வேறு எந்தப் பெயரும் இல்லை)

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு தபால்காரர் வந்தார். அதனால் மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

பதிவுத் தபால். வங்கி இந்த வீட்டைப் போன வெள்ளிக்கிழமையே, தன் வக்கீலுக்குக்கூடச் சொல்லாமல், விற்றுவிட்டதாம். வாங்கியவர் தானே குடிவரப் போகிறாராம். ஆகவே என் ஒப்பந்தம் முடிகிறது, தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும் என்று வாங்கியவரின் தரகர் எழுதியிருக்கிறார். பெட்வேயைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அப்படி ஒரு விதி இருக்கு," என்றார். "வாங்கினவங்களே குடிவந்தா மட்டும். வங்கி என்ன குடிவரவா போகுதுன்னு அன்னிக்கு நான் சொல்லாம விட்டுட்டேன். வாங்கினது யாரு?"

கடைசி வரியைப் படித்தேன். மறுபடி படித்தேன். பெர்னடீன் எம். டுடெக், ஈரி, பென்சில்வேனியா.

"சொந்தமா?" என்றார்.

"அத்தை."

"சட்டத்துல அத்தை கிடையாது. தொண்ணூறு நாள்தான்."

அத்தை, நான் என்ன எழுதுவது? என் இரண்டு கடிதங்களைப் படித்துவிட்டு, மூன்றாவதற்குக் காத்திருப்பதைவிட வீட்டை வாங்குவது எளிது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. குடிவருவேன் என்று எழுதிக்கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று தரகர் சொல்லியிருப்பார். அதுவும் புரிகிறது. எனக்குத் தெரிவிக்க வேண்டாம், வியப்பாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கிய அதே வாரம், வந்து இருக்கலாமா என்று என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்களே. மரியாதைக்குக் கேட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த சொற்ப விலையும் தாளில் இருந்தது. அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டுதான் வால்ட்டரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். மேலே போனார். கட்டிவைத்த பெட்டிகளைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. நடுவில் ஒருமுறை படியில் எட்டிப் பார்த்து, "உங்க அத்தைகிட்ட என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை போடு" என்றார்.

"எனக்கே வீடு இல்லை."

"அப்ப உன்னைப் பத்தியும் ஒரு வார்த்தை போட்டுக்கோ."

கீழ் வீடு உங்களுக்கு. முழங்காலோடு நீங்கள் மேலே ஏற முடியாது. ஆகவே மேல் வீட்டுக்கு, அத்தை, அல்லது உரிமையாளர் அவர்களே, இரண்டு பேர் விண்ணப்பிக்கிறோம். அவர் வாடகை ஒழுங்காகக் கொடுப்பார், ரசீது தானே எழுதிக்கொள்வார், புல்லும் வெட்டுவார். இந்த வீட்டுக் கொதிகலன் எங்கே தட்டினால் எரியும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது உங்களைத்தான். இன்று காலை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.